முழங்கையில் தொடங்கும் அடுப்படி

வடமதுரையில் திண்டுக்கல்–திருச்சி சாலையை விட்டு உள்ளே திரும்பினால், அந்தத் தச்சுப் பட்டறைக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மேசை ரம்பம் பிளைவுட்டை அறுக்கும் இரைச்சல் தெருமுனைக்கே வந்துவிடுகிறது. தகரக் கூரை, ஒரு பக்கம் ஓலைத் தட்டி, சுவரோரம் எட்டுக்கு நாலு பலகைகள். 18 மில்லிமீட்டர் பலகை ஒன்று 30 கிலோவுக்கு மேல் இருக்கும். காலை எட்டரைக்குள் இரண்டு இளைஞர்கள் ஒரு வண்டிப் பலகையை இறக்கி முடித்திருந்தார்கள்.

மேஸ்திரிக்கு அறுபதை நெருங்கும் வயது. நிலையும் கதவும் இழைத்துத் தொழில் படித்தவர். அப்போதெல்லாம் ஊர்ப்பக்கம் வேம்பும் வாகையும் பூவரசும்தான் மரம்; வசதியான வீட்டுக்குத் தேக்கு. இப்போது உளிகள் சுவரில் தொங்குகின்றன. சுற்றுவட்டார நூற்பாலைகளில் உழைத்துச் சேர்த்தும் கடன் வாங்கியும் கட்டுகிறவர்களின் வீடுகளுக்கு அடுப்படி அலமாரி, துணி அலமாரி, பரண் கதவு செய்து கொடுக்கிறார். ஊரில் இதற்கு ‘இன்டீரியர்’ என்றே பெயர்.

22 வருடங்களாக வீட்டு இன்டீரியர் தொழிலில் இருக்கும் நான் அவரைத் தேடிப் போனது ஒரு காரணத்துக்காக. அவர் போட்ட அடுப்படிகளில் நின்று சமைப்பவர்கள் இடுப்பு வலிக்கிறது என்று சொல்வதில்லை என ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருந்தார்.

“அளவெடுக்கப் போனா முதல்ல என்ன செய்வீங்கண்ணே?”

“சமைக்கிறவங்களக் கூப்பிடச் சொல்லுவேன் சார். நெறைய வீட்ல அவங்க மட்டும் வெளிய வரமாட்டாங்க. கலர், டிசைன் எல்லாம் ஆம்பளைங்கதான் பேசுவாங்க.”

தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் நானும் அப்படித்தான் வீட்டுக்காரரிடம் மட்டும் பேசி, மேடையை வழக்கமான 34 அங்குலத்தில் போட்டேன். பால் காய்ச்சிச் சில மாதம் கழித்துப் போனபோது, அந்த வீட்டு அம்மா அடுப்புக்கு முன்னால் ஒரு மணைப்பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று தாளித்துக்கொண்டிருந்தார். நாலே முக்கால் அடி உயரம். “பழகிருச்சு தம்பி” என்றார். எண்ணெய் காயும் வாணலிக்கு முன்னால் ஒருவர் தினமும் பலகை மேல் நிற்கும்படி செய்தது என் டேப். அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை.

மேஸ்திரியின் கணக்கு எளிது. சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்க வேண்டும். தரையிலிருந்து முழங்கை வரை எவ்வளவோ, அதில் நாலைந்து அங்குலம் குறைத்தால் காய் நறுக்கும் மேடை. அடுப்பு வைக்கும் இடம் இன்னும் இறங்க வேண்டும். மேடைமேல் அடுப்பு, அடுப்புமேல் இட்லிப் பானை. கை எட்ட வேண்டியது பானையின் வாய்க்கு.

இன்றைய மாடுலர் கிச்சனுக்கு மூத்தது 1926-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த அடுப்படி. 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து, சமைப்பவரின் நடையைக் கணக்கிட்டு, கை நீட்டினால் எல்லாம் கிடைக்கும்படி அமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. மாவுப் பெட்டியைப் புழு அண்டாத ஓக் மரத்தில் செய்யச் சொன்னாராம். நான் இதைச் சொன்னதும் மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. “நாம அரிசிக்குள்ள வேப்பிலை போடுற மாதிரி. அந்தம்மா சமைக்கிறவங்கள நெனச்சிருக்காங்க.”

ஆனால் பிராங்பர்ட்டின் தரை வேறு, நம் தரை வேறு. இங்கே அடுப்படியைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம். பலகையின் அடி ஊறும். பின்னாலேயே கரையான் வரும். அதனால் மேஸ்திரி கீழ்ப்பகுதிக்குச் செங்கல் கட்டிக் கடப்பாக் கல் தட்டுகளைப் பதிக்கச் சொல்கிறார். கதவு மட்டும் பிளைவுட். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, செலவும் கட்டுக்குள் நிற்கும்.

சிங்க்குக்குக் கீழே வரும் கதவுக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள பலகை. அந்தத் தரத்துக்கு, கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் போட்டாலும் ஒட்டு விடக் கூடாது. முத்திரையை மட்டும் நம்பி அவர் விட்டுவிடுவதில்லை. பட்டறை மூலையில் ஒரு வாளித் தண்ணீர். அதில் பென்சிலால் தேதி எழுதிய துண்டுகள் மிதந்தன. ஒன்றை எடுத்து ஓரத்தில் நகத்தை விட்டார். ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது. “இதைத்தான் நல்ல பலகைன்னு வித்தாங்க” என்று என் கையில் கொடுத்தார்.

பழுதுபார்க்க வந்த பழைய மர பீரோ ஒன்றும் அங்கே நின்றது. அதில் கையால் அராவிச் செய்த திண்டுக்கல் பூட்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு வகை அது. பூட்டும் சாவியும் ஒன்றுக்கொன்று பார்த்துச் செய்யப்படுபவை. புது அலமாரிகளுக்கு வரும் மலிவான பூட்டுகளில் ஒரு வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அலமாரியையும் திறந்துவிடுவதுண்டு. பீரோவுக்கு வார்னிஷ் போதும், பூட்டை மாற்றக் கூடாது என்று மேஸ்திரி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாராம்.

ரம்பத்தடியில் நின்ற இளைஞர் மூக்கைத் துண்டால் கட்டியிருந்தார். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. பிளைவுட் பசையிலிருந்து வரும் பார்மால்டிஹைடையும் 2004-இல் அதே பட்டியலில் சேர்த்தது. துண்டு இவற்றைத் தடுக்காது. தூசி உறிஞ்சும் இயந்திரம் வாங்கப் பட்டறைக்கு வசதியில்லை. நாங்கள் போடும் எஸ்டிமேட்டில் கைப்பிடிக்கும் கீலுக்கும் தனித்தனி வரி இருக்கிறது; அறுப்பவரின் நுரையீரலுக்கு ஒரு வரி கிடையாது.

அளவெடுப்பதற்கும் கிடையாது. கூலி சதுர அடிக்கு. மேஸ்திரி ஒரு வீட்டில் அரை நாள் உட்கார்ந்து கேட்டால் அந்த அரை நாள் அவர் கைக்காசு. டிசைனர் வரைந்ததை அப்படியே அறுத்துப் போடுகிறவருக்கு அதே நேரத்தில் இன்னொரு வேலை முடிந்துவிடும். அங்கிருந்து திரும்பியதும் என் எஸ்டிமேட்டில் நான் முதலில் சேர்த்த வரி ‘அளவெடுப்புக் கூலி’.

மதியம் அவரோடு, கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். சிமெண்டுப் பூச்சின் ஈரம் காயவில்லை. மருமகளுக்கு மில்லில் ஷிப்டு வேலை. அவர் இல்லாத நேரம் மாமியார் சமையல். இருவருக்கும் உயரம் அரை அடி வித்தியாசம்.

“அடுப்புல யாரு கூட நேரம் நிப்பீங்க?”

“அத்தைதாண்ணே. காயெல்லாம் நான் நறுக்கி வச்சிட்டுப் போயிருவேன்.”

அடுப்புப் பக்கம் மாமியாருக்கு, நறுக்கும் பக்கம் மருமகளுக்கு என்று மேடையை இரண்டு மட்டமாகப் போட முடிவானது. மகன் செல்போனில் வைத்திருந்த லேமினேட் கலரைக் காட்ட வந்தார். மேஸ்திரி அதை வாங்கிப் பார்க்காமல், மாமியாரைச் சுவரோரம் நிற்கச் சொல்லி முழங்கைக்கு நேராக ஒரு கோடு கிழித்தார். பிறகு கீழே குனிந்து பார்த்தவர் அந்தக் கோட்டைக் கட்டை விரலால் அழித்தார்.

“செருப்பக் கழட்டிட்டு நில்லுங்கம்மா.”