ரகசியப் பெட்டிக்கு ஜோடியாக ஒரு காக்டெயில்... அப்பா கேட்ட ஒரு கேள்வி!

"வீக் எண்டுக்கு லைட்டா ஒரு ஸ்டோரி கொடேன்" என்று டெஸ்க்கில் கேட்டபோது, அண்ணன் வாங்கி வந்த பெட்டிதான் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது.

அண்ணனுக்கு ஜப்பானில், கவாசாகியில் ஐ.டி வேலை. போன முறை லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தான். 'ஹிமிட்சு பாக்கோ' என்று பெயர். ரகசியப் பெட்டி என்று அர்த்தம். பூட்டு கிடையாது, சாவி கிடையாது. எது மூடி, எது அடிப்பக்கம் என்றே தெரியாது. பக்கத்துப் பலகையைக் கொஞ்சம் நகர்த்தினால், இன்னொரு பலகை விடுபடும். அதை நகர்த்தினால் மறுபடி முதல் பலகைக்கு வழி கிடைக்கும். இப்படி வரிசை தப்பாமல் போனால் கடைசியில் மேல்பலகை வழுக்கிக்கொண்டு திறக்கும். இந்தப் பெட்டிகளை இன்றைக்கும் 'சுன்' என்ற பழைய ஜப்பானிய அளவில்தான் சொல்கிறார்கள். ஒரு சுன் என்றால் சுமார் 3 செ.மீ. என்னுடையது 4 சுன், 10 நகர்வு. ஐம்பது, அறுபது நகர்வுகளுக்கு மேல் கேட்கிற பெட்டிகளும் இருக்கின்றன. எனக்குப் பத்துக்கே நாக்கு தள்ளியது.

பிறந்த இடம் ஹகோனே. அந்தக் காலத்தில் எடோவுக்கும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவுக்கும் இடையே போன பெருவழி ஏறி இறங்கிய மலைப்பகுதி அது. வழிப்போக்கர்களுக்கு விற்க மரச்சாமான் செய்தவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். ஹடாஜுகு கிராமத்தைச் சேர்ந்த இஷிகாவா நிஹேய் என்பவர்தான் 19-ம் நூற்றாண்டில் 'யோசேகி' வேலைப்பாட்டைத் தொடங்கியவர் என்கிறார்கள். பெட்டியின் மேல் கோலம் மாதிரி இருக்கிறதே, அது பெயின்ட் இல்லை. வெளிர், மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று இயற்கையிலேயே வெவ்வேறு நிறமுள்ள மரக் குச்சிகளை ஒட்டி ஒரு கட்டையாக்கி, அதை இழைப்புளியால் காகிதம் மாதிரி சீவி, அந்தச் சீவலைப் பெட்டியின் மேல் ஒட்டுகிறார்கள். நம்ம ஊரில் குப்பைக்குப் போகிற இழைப்புச் சுருள், அங்கே அலங்காரம்!

சரி, இதில் காக்டெயில் எங்கே வந்தது? புதிர்ப்பெட்டி சேகரிப்பவர்களில் சிலர், ஒவ்வொரு பெட்டிக்கும் பொருத்தமாக ஒரு பானத்தை ஜோடி சேர்ப்பார்கள். பெட்டியின் ஊர், மரம், அதன் கதை என்று எதையாவது பிடித்துக்கொண்டு தேடுவார்கள். எனக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தது. தேடியதில் 'பேம்பூ' கிடைத்தது. 1890-களில் யோகோஹாமா கிராண்ட் ஹோட்டலில் இருந்த லூயிஸ் எப்பிங்கர் பிரபலமாக்கிய காக்டெயில். ஷெர்ரி, உலர் வெர்மூத் இரண்டும் சம அளவு, மேலே பிட்டர்ஸ் சில சொட்டுகள். ஹகோனே, யோகோஹாமா இரண்டுமே கனகாவா மாகாணம்தான். ஒரே மாகாணத்துப் பெட்டியும் பானமும்! இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும் என்று துள்ளினேன்.

நான் குடித்ததில்லை. போட்டோவுக்காகப் பால் ஊற்றாத டீயை நன்றாக ஆறவைத்து, காலுள்ள கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, எலுமிச்சைத் தோலை விளிம்பில் சொருகினேன். மேஜை மேல் பெட்டி, பக்கத்தில் பொன்னிறத்தில் கிளாஸ். நாலு கோணத்தில் எடுத்து முடித்த நேரத்தில் அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்தார்.

வாசலிலேயே நின்றுவிட்டார். "பாப்பா... அது என்ன?"

அப்பா டூவீலர் மெக்கானிக். குடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முந்தைய கதையைச் சொன்னால்தான் அந்தக் கேள்வி புரியும். எங்கள் வீட்டில் ரகசியப் பெட்டிக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. அரிசி டிரம், டாய்லெட் ஃப்ளஷ் டேங்க், பரணில் பழைய தலையணை உறை, கடையில் கழற்றிப் போட்ட ஒரு பெட்ரோல் டேங்க். எல்லாவற்றிலும் குவார்ட்டர் பாட்டில் இருந்திருக்கிறது. அம்மா ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார். அப்பா புது இடம் கண்டுபிடிப்பார். ப்ளஸ் டூ பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி என் ஸ்கூல் பையிலும் ஒன்று இருந்தது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

"டீத்தண்ணிப்பா. போட்டோவுக்கு" என்றேன்.

அதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து வந்து கிளாஸை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். முகர்ந்தது பழக்கதோஷம்தான். ஆனால் அப்பாவின் முகம் அதைப் பார்த்துவிட்டது.

கிளாஸை எடுத்துப்போய் சிங்க்கில் கொட்டினேன். திரும்பி வந்தால் அப்பா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மழை பெய்து ஓய்ந்த வாரம். ஈரக்காற்றில் மரம் உப்பி, ஐந்தாவது நகர்விலேயே பலகை இறுகியிருந்தது. நான் அழுத்தித் தள்ளப் போனேன். "தள்ளாத. எங்க பிடிக்குதுன்னு கையில தெரியும் பாரு" என்றார். ஒரு பக்கத்தை லேசாகத் தளர்த்தி, திரும்பப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தார். கை கொஞ்சம் நடுங்கியது. அது இப்போதும் நடுங்கும். முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் யாரும் டிவி போடவில்லை.

குடிக்க ஏதாவது தரலாமே என்று தோன்றியது. மாடிக் கம்பியில் அம்மா படரவிட்ட சங்குப்பூவில் பத்துப் பூ பறித்து வெந்நீரில் போட்டு, நீலம் இறங்கியதும் வடிகட்டி, சர்க்கரை கலந்து ஆறவைத்து, மூன்று டம்ளரில் ஊற்றினேன். எலுமிச்சை மூடியை அப்பாவிடமே கொடுத்தேன். பிழிந்ததும் நீலம் ஊதாவாக மாறியது. பூவின் நிறமிக்குப் புளிப்பு பட்டால் அப்படித்தான் மாறும். "என்னடி மாயம் இது!" என்று அம்மா தன் டம்ளரையும் நீட்டினார். காக்டெயில் ஸ்டோரியை நான் கொடுக்கவில்லை. எடிட்டருக்குப் போனது இதுதான்.

பத்தாவது நகர்வில் மேல்பலகை வழுக்கியது. அப்பா பெட்டியைக் கவிழ்த்து, அம்மா பக்கம் நீட்டினார். "உள்ள ஒண்ணும் இல்ல. நல்லா பாத்துக்க."

அம்மா சிரிக்கவில்லை. விரலை உள்ளே விட்டு நாலு மூலையையும் தடவிப் பார்த்தார்.

பெட்டி இப்போது அடுப்படி அலமாரியில் இருக்கிறது. கேஸ் சிலிண்டருக்கான சில்லறையை அதில்தான் போடுகிறார். பத்து நகர்வை மனப்பாடம் செய்யத் தன்னால் ஆகாது, திறந்தே வையுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். திறந்தே இருக்கிறது.