வேட்டைக்கு முன் துப்பாக்கியைச் சோதித்தல்



நியூசிலாந்தின் காடுகளில் திரியும் செம்மான்கள் அம்மண்ணுக்கு உரியவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து கொண்டுவரப்பட்டவை பெருகி, இன்று மரக்கன்றுகளை மேய்ந்து காட்டையே அழிக்கின்றன. ஆகவே துப்பாக்கி உரிமமும் அனுமதிச் சீட்டும் பெற்றவர்கள் அரசுக் காடுகளில் அவற்றை வேட்டையாடலாம். இங்குக் குடியேறிய தமிழ் முஸ்லிம்களாகிய நாங்கள் சிலர் இவ்வழியில் ஹலாலான இறைச்சியைத் தேடிக்கொள்கிறோம்.

எதைச் செய்தாலும் அழகுறச் செய்யவும், அறுக்கும் பிராணிக்கு வேதனையைக் குறைக்கவும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். கத்தியைத் தீட்டுவது அறுப்பவரின் கடமை என்றால், துப்பாக்கியைச் சீராக வைத்திருப்பது வேட்டைக்காரரின் கடமை. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவே இருக்கும். குண்டு அதை விட்டு விலகினால், காயம்பட்ட உயிர் புதருக்குள் ஓடி நெடுநேரம் துடிக்கும். நீரில் விழுந்து இறந்துகிடந்தால் அதை உண்ணவும் முடியாது.

சென்ற பருவத்திற்கு முன், எங்களில் ஒருவரின் ரைஃபிள் இக்கவலையைத் தந்தது. 100 மீட்டரில் 4 சென்டிமீட்டருக்குள் விழுந்துவந்த மூன்று குண்டுகள், 20 சென்டிமீட்டர் அகலத்திற்குச் சிதறின. 200 மீட்டரில் அது இருமடங்காகும். ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்யலாம் என்றார் ஒருவர். குண்டுகள் ஒரே பக்கமாக விலகினால்தான் அது மருந்து. சிதறலுக்கு வேறு காரணம் தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் தோட்டா. முன்பு நன்றாகச் சுட்ட அதே வகை, அதே எடை. அதில் மாற்றமில்லை. அடுத்து, அறையில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களின் திருகுகளையும் கட்டையோடு துப்பாக்கியைப் பிணைக்கும் திருகுகளையும் பார்த்தோம். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. பின்பு குழலின் உட்புறம். செம்புப் படிவைக் கரைக்கும் திரவமிட்டு, துணி நீலநிறம் காட்டாதவரை துடைத்தோம். குழல்வாயின் விளிம்பில் வடு ஏதுமில்லை. சுத்தம் செய்தபின் முதல் ஓரிரு குண்டுகள் விலகக்கூடும் என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்காமல், குழல் ஆற இடைவெளி விட்டு மீண்டும் சுட்டோம். சிதறல் குறையவில்லை.

சுடுபவரையும் சோதித்தோம். அவர் அறியாதபடி போலித் தோட்டா ஒன்றைக் கலந்து வைத்தோம். விசையை இழுத்தபோது அவர் கையில் சிறு அதிர்வும் இல்லை. வேறொருவர் சுட்டார், அவருக்கும் அதே சிதறல். நன்கு சோதித்த மற்றொரு ஸ்கோப்பைப் பொருத்தினோம், பயனில்லை.

இறுதியில் ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் மரக்கட்டைக்கும் இடையே நுழைத்து இழுத்தோம். பாதி வழியில் அது சிக்கிக்கொண்டது. தென் தீவின் மேற்குக் கரையில் மழை ஓயாது. மரம் ஈரத்தை உறிஞ்சி வீங்கி, ஒரு பக்கத்தில் குழலை அழுத்தியிருந்தது. சுடும்போது குழல் அதிரும். அதன்மேல் கட்டையின் அழுத்தம் ஒவ்வொரு முறையும் மாறுபட, குண்டும் இடம் மாறியது. கட்டையை நிழலில் மெல்ல உலர்த்தி, தடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் புகாதபடி மெருகெண்ணெய் பூசினோம். அல்ஹம்துலில்லாஹ், மூன்று குண்டுகளும் மீண்டும் நெருங்கி விழுந்தன.

எனவே வேட்டைக்குச் செல்லும் சகோதரர்களே, பிஸ்மில்லாஹ் கூறி விசையைத் தொடுமுன் துப்பாக்கியைத் தாளில் சுட்டுப் பாருங்கள். ஐயம் தீராத துப்பாக்கியை எந்த உயிரின் மீதும் நீட்டாதீர்கள். குண்டு பட்டும் உயிருடன் இருக்கும் மானை எட்டினால் தாமதமின்றி முறைப்படி அறுத்துவிடுங்கள். குண்டினாலேயே இறந்ததைக் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.