உண்பதா, பூசுவதா?

முடி உதிர்வுக்கு மருந்தை உண்பதா, பூசுவதா என்று எமது மாணவர் வினவுவதுண்டு. நாம் வைத்தியர் அல்லேம், கற்றதைக் கூறுவோம்.

மினொக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்திற்கான மாத்திரையாகவே வழங்கப்பட்டது. அதை உண்டோருக்கு உரோமம் மிகுந்து வளரக் கண்டே, தலையில் பூசும் திரவமாக்கினர். 1988 இல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. இன்று குறைந்த அளவில் மாத்திரையையும் சில வைத்தியர் தருகின்றனர். பிரேசிலில் 90 ஆடவரிடம் 24 வாரம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2024 இல் வெளியாயிற்று. மாத்திரையே மேலானதென அது நிறுவவில்லை. பூச்சினால் தோல் அரிக்கலாம். மாத்திரையால் கால் வீக்கமும் நெஞ்சுப் படபடப்பும் நேரலாம். எதை நிறுத்தினும் பெற்ற பயன் மறையும்.

ஆயின், வட்டவளைத் தோட்டங்களில் வினாவே வேறு. கொழுந்துக் கூடையின் கயிறு ஆண்டுக்கணக்கில் தலையில் அழுந்துகின்றது. ஓயாத இழுப்பு மயிர்க்காலைக் கெடுக்கும். அங்கே தழும்பு விழுந்துவிட்டால் முடி மீளாது. இரும்புச்சத்துக் குறைவாலும் கூந்தல் உதிரும். முன்னுச்சி வெறுமையாகி முக்காட்டால் மறைக்கும் அன்னையரை நாம் கண்டுள்ளோம். அவர்களுக்காகக் கடையில் மருந்து தேடும் பிள்ளைகளே, முதலில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தத்தைச் சோதிக்கச் செய்யுங்கள். கயிற்றின் அழுத்தத்தைக் குறைக்க வழி காணுங்கள். காரணம் நீங்காவிடில் உண்பதும் பூசுவதும் ஒன்றே.