கட்டணமின்மையும் கட்டின்மையும்

எமது கல்லூரியின் பழைய மாணவருள் ஒரு தலைமுறையினர் புகையிரதத்தைச் சிறுவயதிற் கண்டதோடு சரி. கல்லூரிக் காலம் முழுவதிலும் அதன் ஓசையைத்தானும் கேட்டிலர். யானும் அத்தலைமுறையினன். 1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தோடு எம்பக்கம் வாராதொழிந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014ஆம் ஆண்டு ஒற்றோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015ஆம் ஆண்டு சனவரியிற் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டு வந்தது. ஆயின், வந்தது புதிய பாதையிலே, புதிய நிலையங்களுக்கே. பழைய நிலையத்தில் எத்தனை பாதைகள் இருந்தன, எவ்விடத்திற் பிரிந்தன, எவ்விடத்திற் கூடின என்பவற்றை இன்று முதியோர் சிலரின் நெஞ்சமே காத்து நிற்கின்றது.

யான் தமிழ் கற்பிக்கும் பாடசாலையின் மாணாக்கர் சிலர், தம்மூரின் பழைய நிலையத்தை மாதிரிப் புகையிரதப் பாதையாக அமைக்க விரும்பி என்னிடம் வந்தனர். தமிழாசிரியனிடம் இதற்கு ஏன் வந்தனர் என்று வினவுவோர்க்கு விடை எளிது: கணித ஆசிரியருக்கு நேரமில்லை, எனக்கு ஆசை இருந்தது.

இத்தகைய வேலையிற் பலகையை அறுக்குமுன் வரைபடம் வேண்டும். ஓரடியை 4 மில்லிமீற்றராகச் சுருக்கும் அளவையைக் கொள்வோம். 600 அடி நீளமான மேடையொன்று அவ்வளவையில் 2400 மில்லிமீற்றராகும். கடையில் விற்கும் 8 அடி ஒட்டுப்பலகையின் முழு நீளமே ஏறத்தாழ 2440 மில்லிமீற்றர்தான். மேடையை வைத்தால் வளைவுக்கு இடமில்லை. வளைவை வைத்தால் மேடை குறுகும். ஆயத்தமாக விற்கும் பாதைத் துண்டுகளிற் பெருவழக்கான வளைவொன்றின் ஆரை 438 மில்லிமீற்றர். அதனில் அரைவட்டம் அமைப்பதற்கே 876 மில்லிமீற்றர் அகலம் வேண்டும். இவற்றையெல்லாம் தாளில் அழித்தழித்து எழுதுவதினும் கணினியில் வரைதல் நன்று. பணமோ இல்லை. ஆதலின், இலவச மென்பொருள் ஒன்றைத் தெரிதல் எம் முதற் கடமையாயிற்று.

இங்கேதான் ஒரு சொல்லாராய்ச்சி குறுக்கிட்டது. ஆங்கிலத்தில் ‘ஃப்றீ’ என்னும் ஒரே சொல், விலையில்லாதது என்றும் தளையில்லாதது என்றும் இருபொருள்படும். தமிழிலோ இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உள. விலை கேளாதது இலவச மென்பொருள். பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்குப் பகிரவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். இவ்வேறுபாட்டை மாணாக்கர்க்குச் சொல்லிய பின்னரே மென்பொருள்களைப் பார்க்கலானோம்.

முதலிற் கண்டது எனிறெயில். பழகுதற்கு மிக இனியது. ஒரு மணி நேரத்திற் சிறுவர் வட்டப்பாதையொன்றை வரைந்துவிட்டனர். ஆயின், அதன் இலவசப் பதிப்பு 50 துண்டுகளோடு நின்றுவிடும். ஸ்கார்ம் என்பது 100 துண்டுகள் வரை இடந்தரும்; வரைந்ததை முப்பரிமாணத்திற் காட்டவும் வல்லது. முதியவர் ஒருவர் சொன்னபடி எம் நிலையத்தைத் தாளில் வரைந்து எண்ணியபோது, துண்டுகள் நூறைத் தாண்டின. இவ்வெல்லைகளை யான் குறைகூறேன். ஆக்கியோர் தம் உழைப்புக்கு விலை கேட்பது நீதியே. சிறிய மேசையொன்றில் வட்டம் அமைப்பார்க்கு அவ்விலவசம் போதும்.

மாணவன் ஒருவன், “சேர், பூட்டு உடைச்ச பிரதி ஒண்டு அண்ணாவிட்ட இருக்கு” என்றான். அவன் முகத்தில் உதவும் ஆர்வமேயன்றிக் கள்ளமில்லை. “தம்பி, கூட்செட்டின் பூட்டை உடைத்து எடுத்த சாமானை வைத்து நிலையம் கட்டலாமோ?” என்றேன். சிரித்துவிட்டு அமர்ந்தான். அப்பேச்சு அத்துடன் முடிந்தது.

ஈற்றில் யாம் தெரிந்தது எக்ஸ்ற்ராக்காட். ஆதியில் விலைக்கு விற்கப்பட்ட இது, பின்னர் ஜீ.பீ.எல். என்னும் பொது உரிமத்தின்கீழ்க் கட்டற்றதாக வெளியிடப்பட்டது. துண்டுகளுக்கு எல்லையில்லை. பாடசாலையின் பழைய லினக்ஸ் கணினியிலும், மாணாக்கர் வீட்டு விண்டோஸ் கணினியிலும் இயங்குகின்றது. நாம் வகுத்த ஆரையினும் வளைவு இறுகினாலும், ஏற்றம் மிகுந்தாலும் அப்பகுதியை வேறு நிறத்திற் காட்டி எச்சரிக்கும். வரைந்ததை உண்மை அளவிலே பல தாள்களில் அச்சிட்டு ஒட்டிப் பலகைமேற் பரப்பலாம்.

குறையும் உண்டு. அதன் கட்டளைகள் ஏனைய வரைகலை மென்பொருள்களின் வழக்கத்தினின்று வேறுபட்டவை. பழகுதற்கு எமக்கு ஒரு மாதம் சென்றது. ஆங்கிலச் சொற்களைக் கண்டு சிறுவர் மிரளாதிருக்கச் சிறு சொற்பட்டியல் ஒன்று செய்தோம். புகையிரதத் தொழிலாளர் பொயின்ற் என்பதைத் தடமாற்றி என்றும், நேர்ப்பாதை மெல்ல மெல்ல வளைவாகும் பகுதியைத் தணிவளைவு என்றும் எழுதினோம். பின்னைய சொல்லைப் படைத்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி.

ஓரிடத்திற் சமரசம் வேண்டியிருந்தது. இலங்கையின் அகலப்பாதையின் இடைவெளி 5 அடி 6 அங்குலம். எம் அளவையில் அது சரியாக 22 மில்லிமீற்றர். கடைத் துண்டுகளோ 16.5 மில்லிமீற்றர், அஃதாவது 4 அடி 1½ அங்குலம். 22 மில்லிமீற்றரிற் பாதையைக் கையாலே அமைக்க விரும்புவார்க்கு டெம்ப்ளொட் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. அது கட்டைக்குக் கட்டை அச்சுப்படம் தரும். அது கைவினைஞர்க்கு உரியது. சிறுவர்க்குக் கடைத் துண்டே தக்கதெனக் கொண்டோம்.

எண்பது கடந்த ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர் ஒருவர் சனிதோறும் வந்து திரையைப் பார்க்கின்றார். ஒருநாள், “மாஸ்ரர், மூண்டாவது பாதை இப்பிடி வளையேல்லை, கூட்செட்டை ஒட்டி நேராத்தான் போனது” என்றார். மாணவி உடனே திருத்தினாள். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்பு “ஓம் பிள்ளை, இதுதான்” என்றார். முப்பத்தைந்து ஆண்டுகளாக எங்கும் எழுதப்படாதிருந்த ஒரு கோடு அன்று எழுதப்பட்டது.

கட்டற்றதைத் தெரிந்தமையின் பயன் அப்பொழுதே எனக்கு முழுமையாக விளங்கிற்று. இச்சிறுவர் நாளை கொழும்புக்கோ கனடாவுக்கோ செல்வர். எவர் எங்கிருந்தாலும், எவரிடமும் அனுமதி கேளாமல், காசு கொடாமல் அக்கோப்பைத் திறக்கலாம், திருத்தலாம், தம் பிள்ளைகளுக்குக் காட்டலாம். முதியோர் நம்பித் தந்த நினைவைப் பெட்டியில் இட்டுத் திறப்பைப் பிறரிடம் கொடுத்தல் முறையன்று.

மாதிரி வேலை விரும்பும் அன்பர்கள் முதலிற் பாதைத் துண்டுகளை எண்ணுக. அடுத்து, அவ்வரைபடம் எத்தனை ஆண்டு வாழவேண்டும் என்று எண்ணுக. ஒரு விடுமுறைக்காயின் எதுவும் ஆகும். தலைமுறைக்காயின் கட்டற்றதே தக்கது.