செம்பொன்னும் பசும்பொன்னும்

1991ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில், என் பதினோராம் வயதில், முதன்முதலாகச் சென்னை மாநகரைக் கண்டேன். இராமநாதபுரத்தில் இரவு ஏறிய வண்டி மறுநாள் காலை எழும்பூரில் நின்றது. வாப்பா முன்னே நடக்க, காக்காவும் நானும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து திரும்பிப் பார்த்தோம். சிவந்த சுவர்கள், அவற்றினூடே வெள்ளைக் கோடுகள், மேலே குவிமாடங்கள். 1908ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்நிலையத்தின் வரலாற்றை அன்று நான் அறியேன். 'சென்னை என்றால் சிவப்பு' என்பது மட்டும் நெஞ்சில் பதிந்தது. அன்று மாலை பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தைக் கண்டதும் அவ்வெண்ணம் உறுதியாயிற்று.

"காக்கா, பாருங்க, எவ்வளவு சிவப்பு!" என்றேன்.

"ஆமாம்" என்றார் காக்கா, சற்றே தயங்கி. பின்னர், "மரமும் சுவரும் ஒன்றோடொன்று கலந்த மாதிரி இருக்கிறதே, உனக்கு அப்படித் தெரியவில்லையா?" என்று கேட்டார்.

நான் உரக்கச் சிரித்தேன். வாப்பாவும் சிரித்தார். காக்கா அதன்பின் அன்று முழுவதும் எதன் நிறத்தைப் பற்றியும் பேசவில்லை.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. எழுத்துத் தேர்வில் வென்ற காக்கா, ஒரு பணிக்கான மருத்துவச் சோதனைக்குச் சென்றார். வண்ணப் புள்ளிகளுக்கிடையே எண்கள் மறைந்திருக்கும் அட்டைகளை அங்கே காட்டினார்கள். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அது. "எண் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை, உம்மா" என்று வீடு திரும்பிய காக்கா கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. செவ்விளக்கையும் பச்சை விளக்கையும் ஐயமறப் பிரித்தறிய வேண்டிய பணி அது. ஆதலின் சோதனையைக் குறை கூறுவதற்கில்லை. என்னை உறுத்தியது வேறு. பாரிமுனையில் அவர் உண்மையைத்தான் சொன்னார், நான்தான் சிரித்தேன்.

நிறம் என்பது சுவரில் மட்டும் இருக்கிறதா, காண்பவர் கண்ணிலும் இருக்கிறதா என்னும் வினா அன்று முதல் என்னைத் தொடர்ந்தது. தமிழ் கற்பிக்கும் எனக்கு அறிவியல் தொலைவானதே. எனினும் தேடிப் படித்தேன். நம் விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூவகை. அவற்றுள் ஒன்று இல்லாமற் போயினும் திரிந்திருப்பினும் சிவப்பும் பச்சையும் தம்முள் மயங்கக்கூடும். தாய்வழி வரும் இவ்வியல்பு ஆண்களிடமே மிகுதி. அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன், 1794ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து எடுத்துரைத்தார். அவர் ஆராய்ந்தது தம் கண்ணையே. அவருடைய உடன்பிறந்தாருக்கும் அவ்வியல்பே இருந்தது. இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையே எழுந்தது. அவ்விருவரும் ஒரே நிறத்தைக் கண்டார்கள்.

குறையற்ற கண் எனக் கருதப்படுவதும் உள்ளதை உள்ளவாறே காண்பதில்லை. பாரிசு நகரின் கோபிலின் நெசவுக்கூடத்தில் சாயப் பகுதியை நடத்தியவர் செவ்ரோல் என்னும் வேதியியலறிஞர். கருப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற முறையீடு அவரிடம் வந்தது. ஆராய்ந்தார்; சாயத்தில் பழுதில்லை. அருகில் வைத்து நெய்யப்பட்ட நிறங்களே கருப்பை மங்கச் செய்தன. அதனை 1839ஆம் ஆண்டில் பெருநூலாக விரித்தெழுதினார். நம் சென்னையிலும் இதனைக் காணலாம். 1913ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ரிப்பன் மாளிகையின் வெண்மை, அயலிலுள்ள சென்ட்ரல் நிலையத்தின் செம்மையைக் கண்டு திரும்பும் கண்ணுக்கு இன்னும் வெண்மையாகத் தோன்றும். அந்த வெண்மையில் ஒரு பங்கு அண்டை வீட்டார் கொடுத்தது.

சொல்லும் கண்ணை ஆளுகிறது. 1876ஆம் ஆண்டில் இளவரசர் வருகைக்காக வண்ணம் பூசப்பெற்ற ஜெய்ப்பூரை உலகம் 'இளஞ்சிவப்பு நகரம்' என்கிறது. நேரில் காண்பார்க்கு அதன் சுவர்கள் பல காவியாகவும் செம்மண்ணாகவும் தோன்றும். ஆயினும் ஊர் திரும்பி 'இளஞ்சிவப்பு' என்றே சொல்வர். நம் மொழியோ இவ்வகையில் பெருந்தன்மை உடையது. உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்த தொல்காப்பியர், நிறமாகிய உருவுக்குத் தனியிடம் தந்தார். இலையின் நிறம் பசுமை. பிரிவால் மேனியிற் படரும் நிறமாற்றம் பசலை. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒரே பொன்னைச் செம்பொன் என்றும் சொல்கிறோம். பசும்பொன் என்றும் சொல்கிறோம். வகுப்பில் ஆண்டுதோறும் இவ்விரு சொற்களையும் பண்புத்தொகைக்கு எடுத்துக்காட்டாக எழுதிப் போட்டவன் நான். ஒன்றையே ஒருவர் செம்மை என்றும் மற்றொருவர் பசுமை என்றும் காணலாம் என்பதை என் மொழி முன்பே ஒப்புக்கொண்டிருந்தது. நான்தான் ஒப்பவில்லை.

வளைகுடாவில் பல்லாண்டு உழைத்த காக்கா, கடந்த ஆண்டு தாயகம் திரும்பினார். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் மண்ணடியிலிருந்து நடந்து, அதே பாரிமுனையில் நின்றோம். அவரிடம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் கேட்காத வினாவைக் கேட்டேன்: "காக்கா, இந்தக் கட்டடம் உங்களுக்கு எப்படித் தெரிகிறது?"

அவர் சொல்லத் தொடங்கினார். வளைவுகளின் உள்ளே நிழல் எப்படி இறங்குகிறது, குவிமாடங்கள் ஒன்றுக்கொன்று எவ்வாறு உயரத்தில் வேறுபடுகின்றன, எல்லாவற்றிலும் உயர்ந்தது எங்கே தனித்து நிற்கிறது என்று விரல் நீட்டிக் காட்டினார். அவ்வுச்சியில்தான் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அதன் பணியை ஏற்ற மெரினா விளக்கத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருப்பதைச் சொல்லி, "அதில் எனக்குக் குழப்பமே இல்லை, ஒன்று வெளிர், ஒன்று அடர்த்தி" என்றார். 1892ஆம் ஆண்டில் எழுந்து முடிந்த அந்நீதிமன்றத்தை நான் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். 'சிவப்பு' என்ற ஒரு சொல்லோடு என் பார்வை நின்றுவிட்டதை அன்றுதான் உணர்ந்தேன்.

பொழுது சாய்ந்தது. ஒளி குன்றுங்கால் கூம்புச் செல்கள் ஓய, குச்சிச் செல்கள் விழிக்கும். அவை செந்நிறத்தை ஏறக்குறைய உணர்வதேயில்லை. ஆதலால் அந்தியில் செம்மை முதலில் கருகும். இலைகள் சற்றே வெளிறி நிற்கும். செக் நாட்டு அறிஞர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டு சொன்ன உண்மை இது. என் கண்ணெதிரே உயர் நீதிமன்றம் கருத்துக்கொண்டே வந்தது.

"இப்பொழுது சொல், தம்பி, என்ன நிறம்?" என்றார் காக்கா.

"கருப்பாகத்தான் தெரிகிறது."

"எனக்கும் அப்படித்தான்" என்று சிரித்தார்.

"அன்றைக்கு நான் சிரித்துவிட்டேன், காக்கா" என்றேன். என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. என் தோளில் கைவைத்து, "வா, மக்ரிபுக்கு நேரமாகிறது" என்றார்.

இப்பொழுதெல்லாம் வகுப்பில் ஒரு மாணவர் பாடலுக்கு வேறு பொருள் சொல்லும்போது, 'தவறு' என்னும் சொல் என் நாவின் நுனிவரை வந்து நிற்கிறது. அதற்குமுன், "உனக்கு எப்படித் தெரிகிறது?" என்று கேட்டுவிடுகிறேன்.