பினாங்கில் ஒரு பகல்: கப்பல் கிளம்புவதற்குள் காரில் தீவைச் சுற்ற முடியுமா?

சிங்கப்பூரிலிருந்து 3 அல்லது 4 இரவுகள் சொகுசுக் கப்பலில் போய்வருவது, தமிழ்நாட்டுக் குடும்பங்களின் விடுமுறைப் பட்டியலில் இப்போது சகஜமாக இடம்பிடித்துவிட்டது. அந்தப் பயணங்களில் அடிக்கடி வரும் நிறுத்தம், மலேசியாவின் பினாங்கு. காலையில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும். இறங்கினால் ஊர். மாலையில் கப்பல் கிளம்பிவிடும்.

இடையில் கிடைக்கும் அந்த ஒரு பகலை எப்படிச் செலவழிப்பது? கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் பஸ் சுற்றுலா ஒரு வழி. ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் போடுவதால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குச் செலவு எகிறிவிடும். அதனால்தான் பலரும், ‘பேசாமல் ஒரு காரை வாடகைக்கு எடுத்தால் என்ன?’ என்று யோசிக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால், பணக் கணக்கைப் போடுவதற்கு முன் நேரக் கணக்கைப் போட வேண்டும்.

9 மணி நேரம் எப்படி நாலரை ஆகிறது?

காலை 8 மணிக்குக் கப்பல் வருகிறது, மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 9 மணி நேரம். நடைமுறையில், வரிசையில் நின்று, குடிநுழைவுச் சோதனை முடிந்து வெளியே வர 9 மணி ஆகிவிடும். கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஆக, கடைசிக் கெடு மாலை 4 மணி.

அடுத்த சிக்கல், கார் இருக்கும் இடம். கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுன் நகரின் வாசலிலேயே இருக்கிறது. ஆனால், வாடகைக் கார் நிறுவனங்களின் கவுன்ட்டர்கள் பெரும்பாலும் இருப்பது பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில். தெற்கே சுமார் 16 கிலோமீட்டர். டாக்ஸியில் போய், படிவங்களில் கையெழுத்திட்டுச் சாவியை வாங்கும்போது மணி 10. திரும்பவும் அங்கேயே காரை ஒப்படைத்து, டாக்ஸி பிடித்துத் துறைமுகம் வர ஒரு மணி நேரம் வேண்டும். நெரிசலுக்காக இன்னும் அரை மணி சேர்த்தால், மதியம் இரண்டரைக்கே காரை விட்டாக வேண்டும்.

9 மணி நேரத்தில் கார் கையில் இருப்பது வெறும் நாலரை மணி நேரம்!

இதற்கு ஒரு மாற்று உண்டு. துறைமுகத்துக்கு அருகிலேயே காரைக் கொண்டுவந்து கொடுத்து, அங்கேயே வாங்கிக்கொள்ளும் உள்ளூர் நிறுவனத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம். மிச்சமாவது ஒரு மணி நேரத்துக்கு மேல்.

கையில் இருக்க வேண்டியவை

இந்தியர்களுக்கு மலேசியாவில் கார் ஓட்டுவது பழகிய விஷயம்தான். அங்கேயும் சாலையின் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங்கும் வலது பக்கம்தான். ஆனால், நம் ஊர் லைசென்ஸ் மட்டும் போதாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் சேர்த்துக் காட்ட வேண்டும். சொந்த ஊர் ஆர்.டி.ஓ அலுவலகத்திலேயே இதைப் பெறலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். கப்பலில் ஏறிய பிறகு இதற்கு வழியில்லை.

முன்பணத்துக்காக வாடகை நிறுவனங்கள் கிரெடிட் கார்டில் ஒரு தொகையை நிறுத்திவைக்கும். அந்த கார்டு, ஓட்டுபவரின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். காரை எடுத்ததும் நான்கு பக்கமும், பெட்ரோல் முள்ளையும் போனில் படம் பிடித்துக்கொண்டால் ஒப்படைக்கும்போது வாக்குவாதம் வராது. இன்ஷூரன்ஸ் இருந்தாலும், கீறல் விழுந்தால் முதலில் எவ்வளவு தொகை நம் தலையில் விழும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. 

பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கான தனி இருக்கை 2020 முதல் மலேசியாவில் கட்டாயம். காரைப் பதிவு செய்யும்போதே இதையும் கேட்டுவிட வேண்டும்.

சாலைப் பலகைகள் மலாய் மொழியில் இருக்கும். ‘பெர்ஹென்தி’ என்றால் நில். ‘அவாஸ்’ என்றால் எச்சரிக்கை. ‘ஜாலான் சேஹாலா’ என்றால் ஒருவழிப் பாதை. ஜார்ஜ் டவுனில் கடைசிச் சொல்லுக்கு வேலை அதிகம். தெருவுக்குத் தெரு ஒருவழிதான்.

காரை எங்கே ஓட்டலாம்?

பினாங்கு தீவின் கிழக்கு ஓரத்தில் நகரம். நடுவில் மலை. மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவ். ‘தீவின் பின்புறம்’ என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். சுற்றுலாப் பேருந்துகள் அவ்வளவாக எட்டிப்பார்க்காத அந்தப் பின்புறத்துக்குப் போகத்தான் கார் வேண்டும்.

துறைமுகத்திலிருந்து முதலில் ஆயர் ஈத்தாம். அங்கே குன்றின் சரிவில் அடுக்கடுக்காக ஏறி நிற்கிறது கெக் லோக் சி புத்தர் கோயில். 1890-ல் தொடங்கிய கட்டுமானம். 30 மீட்டருக்கு மேல் உயரமான குவான் யின் வெண்கலச் சிலை 2002-ல் வந்தது. படியேற முடியாத பெரியவர்கள் வந்திருந்தால் இங்கே கார் கைகொடுக்கும். மேல்தளம் வரை ஓட்டிச் செல்லலாம். சாய்வாக ஏறும் லிஃப்ட்டும் இருக்கிறது.

பக்கத்திலேயே பினாங்கு மலை. 1923 முதல் இயங்கும் மலை ரயில், மேலே சின்னதாக ஒரு முருகன் கோயில் என ஆசையைத் தூண்டும் இடம். ஆனால், விடுமுறை நாளில் ரயிலுக்கான வரிசை ஒரு மணி நேரத்தை எளிதாக விழுங்கிவிடும். ஏறுவதற்கும் வரிசை, இறங்குவதற்கும் வரிசை. மலையா, தீவின் பின்புறமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. இரண்டுக்கும் ஆசைப்பட்டால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

ஆயர் ஈத்தாமிலிருந்து மலையைத் தாண்டிப் பாலிக் புலாவ் போகும் சாலையில் வளைவுகள் அதிகம். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்குச் சிரமம் இருக்காது. இறங்கினால் பழத்தோட்டங்கள், ஜாதிக்காய் மரங்கள், அமைதியான சின்ன ஊர். ஜாதிக்காய் ஜூஸ் இந்த ஊரில் தவறவிடக் கூடாதது. புளிப்பும் காரமுமான லக்சா நூடுல்ஸுக்கும் ஊர் பேர்போனது. அதன் சாறே மீனில்தான் என்பதால் சைவக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

ஜூன், ஜூலையில் போனால் வழியெல்லாம் துரியான் கடைகள். கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும். காரில் ஏற்றினால் அந்த வாசனை நாள்கணக்கில் போகாது. சுத்தம் செய்யும் கட்டணம் என்று தனி பில் வரும்.

அங்கிருந்து வடக்கே தெலுக் பஹாங், பிறகு கடற்கரையோரமாக பத்து ஃபெரிங்கி, மீண்டும் ஜார்ஜ் டவுன். மொத்தச் சுற்று சுமார் 70 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினாலே இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். கோயிலுக்கு ஒரு மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி, கடற்கரையில் அரை மணி என்று வைத்தால் ஐந்து மணி நேரம் சரியாக இருக்கும். துறைமுகத்திலேயே கார் கிடைத்தால் முடியும். விமான நிலையத்தில் எடுத்தால் ஏதாவது ஒன்றைக் கைவிட வேண்டும்.

இந்தச் சுற்றில் ஒரு விதி முக்கியம். தொலைவான இடத்தை முதலில் முடித்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் கார் துறைமுகத்தை நோக்கித்தான் வர வேண்டும். பாலத்தைக் கடந்து மறுகரைக்குப் போகும் ஆசையை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மாலை நெரிசலில் அந்தப் பாலம் எந்தக் கணக்குக்கும் அடங்காது.

கப்பல் போய்விட்டால்?

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போன பஸ் தாமதமானால், அந்தப் பொறுப்பு நிறுவனத்துடையது. கப்பல் காத்திருக்கும், அல்லது பயணிகளைக் கப்பலில் சேர்க்க அவர்களே ஏற்பாடு செய்வார்கள். சொந்தமாகக் காரில் போனவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. டயர் பஞ்சர் ஆனாலும், மழை பிடித்துக்கொண்டாலும் கப்பல் நேரத்துக்குக் கிளம்பிவிடும். அடுத்த துறைமுகத்துக்கு விமான டிக்கெட் எடுத்து, சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். பெட்டியும் மாற்றுத்துணியும் கப்பலோடு போயிருக்கும்.

அதனால், கப்பலின் தினசரித் தாளில் அச்சிட்டிருக்கும் உள்ளூர் ஏஜென்ட்டின் தொலைபேசி எண்ணைப் படம்பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். சிக்கல் என்றால் முதலில் பேச வேண்டியவர் அவர்தான். பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துச் செல்லலாமா, கப்பலில் வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். எப்படியானாலும் அதன் நகல் கையில் இருக்கட்டும். தினமும் சாப்பிடும் மருந்துகளும் கைப்பையில் இருக்கட்டும்.

இன்னொன்று, கடிகாரம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். ஆனால், தாய்லாந்தின் புக்கெட் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. புக்கெட்டுக்கும் போகும் கப்பல் என்றால், போன் காட்டும் நேரமும் கப்பலின் நேரமும் ஒன்றுதானா என்று இறங்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டும்.

யாருக்குக் கார் வேண்டாம்?

இருவர் மட்டும் போகிறார்கள், நகரத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றால் கார் சுமைதான். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி, துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரம். குவீன் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், அதைச் சுற்றித் தமிழ்ப் பெயர்ப்பலகைகளோடு லிட்டில் இந்தியா, தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைச் சுமக்கும் சூலியா தெரு, அவர்கள் தோளில் காவடி போலச் சுமந்து விற்ற சோறும் குழம்புமான ‘நாசி கண்டார்’ என எல்லாம் அருகருகே இருக்கின்றன. 513 படிகள் ஏறிப் பார்க்கும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு மட்டும் கிராப் டாக்ஸி போதும்.

பெரியவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பம், ஆனால் புது ஊரில் ஓட்டத் தயக்கம் என்றால், டிரைவரோடு மணிக்கணக்கில் கார் பேசிக்கொள்ளலாம். தமிழ் பேசும் டிரைவர்கள் இங்கே உண்டு. எந்தத் தெரு எத்தனை மணிக்கு அடைக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதும் தெரியும்.

தினமும் கார் ஓட்டுபவர் குடும்பத்தில் இருக்கிறார், அனுமதி கையில் இருக்கிறது, துறைமுகத்துக்கே கார் வருகிறது. இந்த மூன்றும் இருந்தால் தாராளமாகச் சாவியை வாங்கலாம். துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சியைக் குறிக்க, ஆண்டுக்கு ஓர் அடி என 60 அடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூண்டு நிற்கும். அதில் மணி பார்த்துவிட்டுக் கிளம்பலாம். திரும்பி வரும்போது அது 3-ஐத் தாண்டாமல் இருந்தால், மிச்ச நேரத்தில் லிட்டில் இந்தியாவில் ஒரு டீயும் குடிக்கலாம்.