ஜம்போவின் முகம்

ஜம்போ இன்ஜின் அழகா, அசிங்கமா என்று கேட்டால் பெயின்ட் ஷாப்பில் இருந்தவன் ஒரே சொல்லில் பதில் சொல்லமாட்டான். எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள், முகத்தில் பட்டை எந்த உயரத்தில் ஓடியிருந்தது, தகரத்தில் அலை இருந்ததா என்று திருப்பிக் கேட்பான். எனக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரத்துக்கு மேற்கே தாமல். பிழைப்பு பொன்மலைப் பணிமனையில். ஓவர்ஹாலுக்கு வந்த டீசல் இன்ஜின்களுக்கு வண்ணம் அடித்தே ஓய்வு பெற்றேன். இந்த வேலையைக் கற்க வருகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜம்போ தனி இனம் இல்லை, அதுவும் டபிள்யூ.டி.எம்-2தான். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்து, 1962-ல் நம் நாட்டுக்கு வந்து, 1964 முதல் வாரணாசியிலேயே கட்டப்பட்ட வண்டி. 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 113 டன். ஒரு பக்கம் நீளமாக லாங் ஹூட், மறுபக்கம் குட்டையாக ஷார்ட் ஹூட், இரண்டுக்கும் இடையில் டிரைவர் கேப். வழக்கமான வண்டியில் இரண்டு ஹூட்டும் ஒடுங்கியே இருக்கும். இருபுறமும் ஆள் நடக்க இடம் விட்டிருப்பார்கள். ஜம்போவில் மாறியது ஷார்ட் ஹூட் மட்டும். அது வண்டியின் முழு அகலத்துக்கும் விரிந்து, உயரத்தில் இறங்கி, மேலே பெரிய பெரிய கண்ணாடிகளோடு இருக்கும். டிரைவருக்குப் பாதை நன்றாகத் தெரியட்டும் என்று செய்தது. கொஞ்சம் வண்டிகளைத்தான் அப்படிக் கட்டினார்கள். பிறகு வந்தவை பழையபடி ஒடுங்கிய ஹூட்டோடே வந்தன. எங்கேயாவது ஒன்று கண்ணில் பட்டால் ஆளுக்கொரு பேச்சு எழுந்ததற்கு அதுவே காரணம்.

டிரைவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. “உக்காந்தா ரெண்டு பக்கமும் தண்டவாளம் தெரியுதுண்ணே, கழுத்தை நீட்ட வேண்டியதில்ல” என்பார் ஒருவர். அவருக்கு அது அழகான வண்டி. “முன்னால ஹூட் நிமிர்ந்து நின்னாத்தான் எனக்குத் தைரியம். லெவல் கிராசிங்ல லாரி குறுக்க வந்தா இந்தக் கண்ணாடியா என்னைக் காப்பாத்தும்?” என்பார் இன்னொருவர். அவருக்கு அதைப் பார்த்தாலே பிடிக்காது. ஃபிட்டர்கள் அதைப் பஸ் என்றார்கள். கேமராவோடு பிளாட்பாரம் ஓரத்தில் காத்திருக்கிற இளைஞர்களுக்கோ ஜம்போ கிடைத்த நாள் திருநாள். அவர்களிலும் ஒரு கட்சி, ஆல்கோ என்றால் லாங் ஹூட் முன்னால் வர, கரும்புகை கிளம்ப வரவேண்டும், இந்த அகல மூஞ்சி ஆல்கோவுக்குப் பொருந்தவில்லை என்று வாதிடும்.

நான் கேட்டவரையில், இந்தப் பேச்சில் பாதி வண்டியின் வடிவத்தைப் பற்றியது இல்லை. அடித்த பெயின்டைப் பற்றியது.

ஒடுங்கிய ஷார்ட் ஹூட்டில் தகரத்தின் அகலம் கொஞ்சம். ஓரங்கள் வளைந்திருக்கும், கைப்பிடிக் கம்பிகள் குறுக்கே ஓடும். தகரத்தில் சின்ன நெளிவு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஜம்போவின் முகம் அப்படியே விரிந்த தட்டைத் தகரம். வெல்டிங் சூட்டில் இழுத்த இடம், மாடு முட்டி ஒடுங்கிய இடம், யாரோ சுத்தியலால் தட்டி நிமிர்த்திய இடம், எல்லாம் எனாமல் ஏறியதும் பளபளப்பில் அலையலையாகத் தெரியும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தகரத்தின் அலை என்று தோன்றாது, வண்டியே கோணல் என்றுதான் தோன்றும். டில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் டபிள்யூ.டி.எம்-1 ஒன்று நிற்கிறது. 1950-களின் கடைசியில் ஆல்கோவிடமிருந்து வந்த 100 வண்டிகளில் ஒன்று. முன்பக்கம் உருண்டு திரண்டு வரும் மூக்கு. அதை அழகில்லை என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. அந்த வளைவு பெயின்டருக்குத் தரும் உதவியைக் கற்கிறவன் கவனிக்கவேண்டும். வளைந்த தகரம் தன் குறையைத் தானே மறைக்கும், தட்டைத் தகரத்துக்கு நம் கைதான் கதி. அதே டபிள்யூ.டி.எம்-1-ஐப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கேப் கிடையாது, மொட்டையாக முடியும். முகத்தைப் பாராட்டுகிறவர்கள் அங்கே போவதே இல்லை.

அதனால் ஜம்போ வந்தால் எங்கள் மேஸ்திரி முகத்துக்கு மட்டும் தனியாக நாள் ஒதுக்குவார். முதலில் எண்ணெய்ப் பிசுக்கு. காஸ்டிக் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் மறுபடி கழுவி, தகரம் சேரும் இணைப்புகளில் துணி சுற்றிய சுரண்டியை விட்டு இழுப்போம். துணி கறுப்பாக வந்தால் மறுபடி கழுவல். இணைப்பில் ஒளிந்த எண்ணெய் மேலே எத்தனை கோட் போனாலும் பெயின்டைத் தூக்கிவிடும். வண்டி ஷெட்டுக்குப் போய் முதல் கோடையிலேயே தோல் உரியும். அப்புறம் பழைய பெயின்டைச் சுரண்டி, எமரி போட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர். அதன்மேல் பட்டி.

பட்டியில்தான் அவசரக்காரன் மாட்டுவான். பள்ளத்தை ஒரே கோட்டில் நிரப்பினால் மேல்தோல் காயும், உள்ளே ஈரம் நிற்கும், பிறகு அமுங்கி வெடிப்பு விடும். மெல்லிசாக இழுத்து, காயவிட்டு, தண்ணீர் எமரி தேய்த்து, மறுபடி மெல்லிசாக இழுக்கவேண்டும். மேஸ்திரி தேய்த்த இடத்தில் பழைய மல்லுத்துணியை விரித்து, அதன்மேல் உள்ளங்கையைப் படுக்கவைத்து நகர்த்துவார். வெறுங்கையில் தோல் பிடிக்கும், மேடு பள்ளம் தெரியாது. துணி நடுவில் இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போகும், ஒரு நூல் மேடு இருந்தாலும் விரல் சொல்லும். கடைசியாக ஒரு சோதனை. முகம் முழுக்கத் தண்ணீர் அடித்து, ஹேண்ட் லாம்பைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பார். ஈரத் தகரம் எனாமல் போட்டதுபோலவே பளபளக்கும். வண்டி நாளை எப்படித் தெரியுமோ அது இன்றைக்கே தெரிந்துவிடும். அலை தெரிந்த இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போடுவார். அந்த வட்டங்கள் எல்லாம் தீரும்வரை ஸ்ப்ரே கன்னை யாரும் தொடக்கூடாது.

இதற்கெல்லாம் சாரம் கட்டவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண வண்டியில் ஹூட்டைச் சுற்றிய நடைபாதையில் நின்றே வேலையை முடிக்கலாம். ஜம்போவில் ஹூட் முழு அகலத்துக்கும் போய்விட்டதால் பக்கத்தில் கால் வைக்க இடமில்லை. ஏணியில் தொங்கிக்கொண்டு தேய்த்தால் கை ஒரே பக்கம் அழுத்தும். தேய்த்த கோடு அப்படியே நிற்கும்.

அடுத்தது பட்டை. ஷெட்டுக்கு ஒரு நிறம், ஒரு பட்டை என்று இருந்த காலம் அது. சாதாரண வண்டிக்கு என்று வெட்டிய அளவுக் குச்சியை வைத்து, எங்களோடு இருந்த ஒரு பையன் ஜம்போவுக்கும் நூல் அடித்துவிட்டான். ஒடுங்கிய ஹூட்டில் மார்பு உயரத்தில் ஓடவேண்டிய பட்டை இங்கே கண்ணாடிக்குச் சற்றுக் கீழே போய் ஒட்டிக்கொண்டது. டேப் ஒட்டி, கிரீம் அடித்து, பிரித்துப் பார்த்தால் அத்தனை பெரிய கண்ணாடி சிறுத்துவிட்டது, கீழே வெறும் சிவப்புத் தகரம் பரந்து கிடக்கிறது. மேஸ்திரி அவனைத் திட்டவில்லை. கையில் டேப்பைக் கொடுத்து, “தம்பி, ஒரு முழம் இறக்கி ஒட்டிப் பாரு. பெயின்ட் வேணாம், டேப்பை மட்டும் ஒட்டு” என்றார். அவன் ஒட்டினான். ஷாப்பின் வாசல்வரை நடத்திக்கொண்டு போய் அங்கிருந்து பார்க்கச் சொன்னார். திரும்பி வந்து இன்னும் நாலு விரல் இறக்கினார்கள், மறுபடி நடந்தார்கள். பட்டை ஹூட்டின் நடுவுக்கும் கீழே வந்ததும் கண்ணாடி தன் முழு அளவில் தெரிந்தது. முகத்தின் அகலம் குறையாகத் தெரியவில்லை. அன்று முதல் ஜம்போவுக்குத் தனி அளவுக் குச்சி.

பக்கவாட்டில் வேறு சூட்சுமம். லாங் ஹூட் முழுக்க இன்ஜின் ரூம் கதவுகள். கதவைக் கழற்றி வைத்துப் பெயின்ட் அடித்தால் வேலை சுலபம்தான், ஆனால் திரும்ப மாட்டும்போது கீல் ஒரு மயிரிழை ஏறும், இறங்கும். கோடு கதவுக்குக் கதவு படி ஏறி நிற்கும். எல்லாக் கதவும் மாட்டி, கொண்டி போட்ட பிறகே நூல் அடிக்கவேண்டும். ரசமட்டத்தையும் முழுதாக நம்பவேண்டாம். நடைபாதைத் தகட்டிலிருந்து அளந்து ஏறுங்கள். பார்க்கிறவன் கண் அந்தத் தகட்டைத்தான் துணைக்கு வைத்துக்கொள்ளும். என் அப்பா தறி போட்டவர். கோர்வைப் புடவையில் உடலின் நிறமும் பேட்டின், அதாவது கரையின், நிறமும் சேரும் இடம் பிசிறில்லாமல் இருந்தால்தான் இரண்டு நிறமும் எடுக்கும் என்பார். இன்ஜினில் கிரீமும் சிவப்பும் சேரும் கோட்டை நான் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். மாஸ்கிங் டேப்பைப் பெயின்ட் முழுசாகக் காயுமுன், தன்மேலேயே மடித்துப் படுக்கவைத்து இழுங்கள். நேராகத் தூக்கி இழுத்தால் ஓரம் பல்லுப் பல்லாகும்.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்பார்கள். நேர் எதிரே நின்று பார்த்தால் ஜம்போ எனக்கும் கொஞ்சம் கனமாகத்தான் படும். ஓரமாக நின்று, தாழ்ந்த முகமும் கேப்பும் பின்னால் நீளும் ஹூட்டும் சேர்ந்து தெரியும்படி பார்த்தால், அகலத்தில் ஆரம்பித்து ஒடுங்கிப் போகிற அந்த உடல் வாகுக்கு நிகராக ஆல்கோ வண்டிகளில் எனக்கு வேறொன்று தெரியவில்லை. காஞ்சிபுரத்தில் மீட்டர்கேஜ் ஓடிய காலத்து ஒய்.டி.எம்-4-ஐயும் பெட்டி என்றுதான் சொன்னார்கள். அதே வண்டி குன்னூருக்கு மேலே ஊட்டி ரயிலோடு போவதைப் பார்த்து இன்று கை தட்டுகிறார்கள்.

மின்சார இன்ஜின்கள் வந்தபின் ஆல்கோக்கள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டன. தாமலில் எங்கள் தெருப் பையன் ஒருவன் அட்டையில் ஜம்போ செய்துகொண்டிருக்கிறான், கண்ணாடிக்கு எக்ஸ்ரே பிலிம். பட்டி போடச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று தரம் தேய்த்துவிட்டான், நாலாவது தரமும் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். பட்டைக்கு முதலில் வெறும் டேப்பை ஒட்டி, வாசலில் வைத்து, தெருமுனையிலிருந்து பார்த்துவிட்டுத்தான் பெயின்ட் டப்பாவைத் திறக்கவேண்டும்.